உபதேசியார் வீட்டுச் சொந்தபந்தம்

(நம் பங்கின் பொன்விழாவை முன்னிட்டு நடைபெற்ற குடும்ப தினக் கூட்டத்தில், உபதேசியார் ஒருவரின் மகளும் ஓய்வுபெற்ற ஆசிரியையுமான பங்கு உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு 20 நிமிடம் தந்திருக்கிறார்கள். உபதேசியார்கள் பேச எழுந்தால் உட்காரமாட்டார்கள் என்று ஒரு பெயர் உண்டு. என் தகப்பனார் சின்னக் குறிப்பிடத்தில் ஒரு கேள்விக்கு அரைமணி நேரம் விளக்கம் சொல்லுவார். பிள்ளைகள் தூங்கி விழுவார்கள், நானும் தூங்கியிருக்கிறேன். அந்த இரத்தம்தான் எனக்கும். ஆனாலும் சுருக்கமாக முடிக்கப் பார்க்கிறேன்.

‘உற்றார் உறவினரைப் பிரிந்து வாழும் மறைபரப்புக் குடும்பமும் விசுவாசமும்’ என்பது பங்குத்தந்தை எனக்குக் கொடுத்த தலைப்பு. மறைபரப்பாளர், அந்தக் காலத்துப் பேச்சில் வேதபோதகர், என்றதும் நம் கண்முன் யார் வருகிறார்கள்? கப்பலேறி வந்த வெள்ளைத் தாடிச் சுவாமியார் வருகிறார். அதில் தப்பில்லை. நாம் குடியிருப்பதே அப்படிப்பட்டவர்களின் இரத்தமும் வியர்வையும் விழுந்த மண்ணில். லிஸ்பன் நகரத்து அரண்மனையில் இளவரசனோடு விளையாடி வளர்ந்த புனித அருளானந்தர், 1693-ம் ஆண்டு பிப்ரவரி 4-ம் நாள் நம் ஓரியூரில் தலை வெட்டுண்டு மரித்தார். பிரான்சிலிருந்து வந்த லெவே சுவாமியார் 1973-ல் சருகணியிலே கண் மூடி, அங்கேயே அடக்கமாகியிருக்கிறார். இவர்கள் தாய் தகப்பனை விட்டு வந்தவர்கள். அருளானந்தர் 1687-ல் ஊர் திரும்பியபோது, இனி இங்கேயே இருந்துவிடு என்று அரசனும் சொன்னான், வீட்டாரும் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. மகன் வேதசாட்சியாக மரித்த செய்தி வந்தபோது அவருடைய தாயார் துக்க உடை உடுத்தாமல் திருநாள் உடை உடுத்தி அரண்மனைக்குப் போனார் என்று நாம் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறோம். நான் ஒரு தாய். அந்த உடைக்கு உள்ளே இருந்த நெஞ்சு எப்படி இருந்திருக்கும் என்பதைப் பிரசங்கத்தில் யாரும் சொன்னதில்லை.

ஆனால் 1686-ல் அருளானந்தரைப் பிடித்து வதைத்தபோது, அவரோடு சேர்த்து உபதேசியார்களையும் வதைத்தார்கள் அல்லவா? அவர்களும் ஊர் விட்டு ஊர் போய் வேதம் சொன்னவர்கள்தான். சுவாமியாருக்குப் பெண்டு பிள்ளை கிடையாது, உபதேசியாருக்கு உண்டு. அந்த நாட்களில் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்ததா? பிள்ளைகள் யார் வீட்டில் படுத்தன? இங்கே இருக்கிற நம்மில் எவருக்காவது அந்த மனைவிமாரில் ஒருத்தியின் பெயர் தெரியுமா? எனக்கும் தெரியாது. ஆகவே எனக்குத் தெரிந்த ஓர் உபதேசியார் மனைவியைப் பற்றிப் பேசுகிறேன். அவள் என்னைப் பெற்றவள்.

எங்கள் சொந்த ஊர் தெற்கே, வடக்கன்குளத்துக்குப் பக்கம். பனங்காட்டுப் பூமி. நாங்கள் இங்கே வந்தது 1956-ம் ஆண்டு. அப்போது இது பங்கு அல்ல, கிளைக் கிராமம். ஓட்டுக் கூரை போட்ட சின்னக் கோவில். சுவாமியார் மாதம் ஒரு முறை வருவார். மழை பெய்து கண்மாய் உடைந்தால் அதுவும் இல்லை. திருநெல்வேலி வரை பஸ், அங்கிருந்து மதுரைக்கு ரயில், பிறகு மானாமதுரைக்கு இன்னொரு ரயில், அப்புறம் ஒரு பஸ், கடைசி 6 மைல் மாட்டுவண்டி. எனக்கு அப்போது 6 வயது. இடுப்பில் ஒரு தம்பி, கையில் ஒரு அக்காள், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மாதா படம். இவ்வளவும் அம்மாவின் பொறுப்பு. அப்பாவின் கையில் செபப் புத்தகங்கள் கட்டிய துணி மூட்டை இருந்தது. அதை வண்டிக்காரனிடம்கூட அவர் கொடுக்கவில்லை. தம்பியைக் கொடுத்துவிட்டார்!

வண்டியில் வரும்போது அம்மா எங்களுக்கு ஒரு கதை சொன்னாள். நீலகண்டப் பிள்ளை, அதாவது நம் தேவசகாயம் பிள்ளை, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் மனைவி பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். 1752-ல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றபின், அந்த அம்மாள் சொந்த ஊரையும் சொந்த சனத்தையும் விட்டு வடக்கன்குளத்திலேயே இருந்து, அங்கேயே மரித்தார். “ஞானப்பூ அம்மா நம்ம ஊருக்கு வந்தா. நான் நம்ம ஊரை விட்டுப் போறேன். கணக்கு நேராயிட்டு” என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். 2022-ல் தேவசகாயம் பிள்ளை புனிதர் பட்டம் பெற்ற அன்று எனக்கு இந்த வார்த்தைதான் நினைவுக்கு வந்தது. அதைக் கேட்க அம்மா இல்லை.

தேவசகாயம் பிள்ளைக்கு வேதம் சொன்னவரும் ஒரு குடும்பஸ்தர்தான் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தளபதி டிலனாய். திரும்பிப் போக வழியில்லாமல் உதயகிரிக் கோட்டையில் மனைவி மகனோடு காலம் தள்ளினார். தன் மாடுகன்றெல்லாம் மாண்டு நொந்துபோய் நின்ற நண்பனுக்கு அவர் யோபுவின் கதையைச் சொன்னார். அவர் குருவும் அல்ல, உபதேசியும் அல்ல. ஊரை இழந்த ஒருவன் சொன்னதால்தான் யோபுவின் கதை அந்த மனதில் ஏறிற்று என்று நான் நினைக்கிறேன். அந்த மகனும் இளவயதில் போரில் மாண்டான். தாய், தகப்பன், மகன் மூவருக்கும் உதயகிரிதான் கடைசி இடம்.

நம் ஊருக்கு வருவோம். வந்த முதல் வாரமே கேள்வி வந்தது. “உபதேசியார் எந்த ஆளுக?” “கிறிஸ்தவன்” என்றார் அப்பா. “அது தெரியுது. கிறிஸ்தவங்கள்ல யாரு?” அப்பா மறுபடியும் அதே பதிலைச் சொன்னார். பதில் போதவில்லை. அதனால் மூன்று மாதம் அம்மா பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் எடுக்கவில்லை, ஊருணிக்கு நடந்தாள். இதை விழா மலரில் அச்சிடுவது சரியல்ல என்று தோன்றினால் பங்குத்தந்தை எடுத்துவிடலாம். ஆனால் இவ்வூரை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. எங்கள் வடக்கன்குளம் கோவிலுக்கு உள்ளேயே சாதிக்கென்று ஒரு சுவர் நின்றது. 1910-ல்தான் அதை இடித்தார்கள். நாங்கள் அந்த இடிந்த சுவரின் பேரப்பிள்ளைகள்.

சம்பளத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், சொல்லவில்லை. அறுப்புக் காலத்தில் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் வரும். விளைந்த வருஷம் வரும், விளையாத வருஷம் வராது. அப்பா காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுத்தும், மாலையில் ஞானோபதேசமும் சொல்லிக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை சுவாமியார் இல்லாத பூசை நேரத்தில் செபம் நடத்துவார். ஆபத்தில் இருக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார், சாகக் கிடப்பவர் பக்கத்தில் மன்றாட்டுச் சொல்லுவார், குழி வெட்டியது போதுமா என்று இறங்கி அளந்து பார்ப்பார். அம்மாவுக்கு என்ன வேலை? பீடத் துணி வெளுப்பது, புதுநன்மைப் பெண்பிள்ளைகளைத் தயார் செய்வது, பிரசவம் என்றால் இராத்திரியில் லாந்தரோடு ஓடுவது. இதற்குச் சம்பளமும் இல்லை, பெயரும் இல்லை. 2021-ல் பாப்பரசர் பிரான்சிஸ் உபதேசியார் பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாக ஏற்படுத்தினார் என்று கேட்டு மகிழ்ந்தேன். உபதேசியார் மனைவி பணிக்கு இன்னும் சுற்றுமடல் வரவில்லை.

பிள்ளைகள் எங்களுக்குக் கஷ்டம் வேறு விதம். இங்கே ‘ஏலே’ என்று பேசினால் கேலி செய்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போனால், அங்கே ‘வந்தாக, போனாக’ என்று பேசியதற்குச் சித்தப்பா பிள்ளைகள் சிரித்தார்கள். உறவுமுறைச் சொல்கூட எங்களுக்குக் குழம்பிற்று. தெற்கே அப்பாவைப் பெற்றவளும் ஆச்சி, அம்மாவைப் பெற்றவளும் ஆச்சி. இங்கே அப்பத்தா வேறு, அம்மாச்சி வேறு. கோவிலுக்கு மேற்கே மூன்றாம் வீட்டுக் கிழவி ஒருத்தி என்னிடம், “என்னைய அப்பத்தான்னு கூப்பிடு” என்றாள். அப்பாவுக்குத் தாய் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு கேட்டாள். அவள் பெயரை நான் சொல்லவில்லை. அவள் பேரன் பேத்திகள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை எந்த மேடையிலும் சொன்னதில்லை.

1961-ம் ஆண்டு, குருத்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை. அம்மாவின் தகப்பனார், எங்கள் தாத்தா, இறந்துபோனார் என்று தந்தி. தபாலாபீஸ் 6 மைல். சந்தைக்குப் போன ஆள் வாங்கி வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தபோது மூன்றாம் நாள். அடக்கம் முடிந்திருக்கும். ஆனாலும் அம்மா புறப்பட வேண்டும் என்றாள். அப்பா, பெரிய வாரம் வருகிறது, சுவாமியார் விசாரணைக் கோவிலை விட்டு வரமுடியாது, நான் இல்லாவிட்டால் இந்தச் சனத்துக்குப் பெரிய வியாழனும் இல்லை பெரிய வெள்ளியும் இல்லை என்றார். மூன்று பிள்ளைகளோடு அம்மா தனியாகப் போகவும் விடவில்லை. கையில் காசும் இல்லை. அம்மா அப்போது சொன்னதை அப்படியே சொல்லுகிறேன். “உங்க கோவிலுக்கு என்னைக் கொடுத்தேன், சரி. எங்க அப்பாவுக்கு ஒரு பிடி மண்ணு போடுறதையும் கொடுக்கணுமா?” அதன்பின் அவள் அப்பாவோடு பேசவில்லை.

துக்கத்தை எல்லாம் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டு அமைதியாக இருந்தாள் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அது உண்மை அல்ல. சோறு வடித்தாள், பீடத் துணி வெளுத்தாள், கோவிலுக்கு வந்தாள். முழங்காலில் நின்றாள், வாய் அசையவில்லை. அவள் கோபம் அப்பாமேல் மட்டும் அல்ல என்பது எனக்கு 11 வயதிலேயே தெரிந்தது.

பெரிய வெள்ளி அன்று மத்தியானம். வழக்கப்படி அப்பா கோவிலில் வியாகுலப் பிரசங்கம் வாசித்தார். மாதா தன் மகனை மடியில் போட்டு அழுகிற இடம் வந்தது. அம்மா எழுந்து வெளியே போய்விட்டாள். வாசிப்பு முடிந்ததும் அப்பத்தா நேரே அப்பாவிடம் வந்தாள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: கிறிஸ்தவர்கள் மாரடித்து ஒப்பாரி வைக்கக்கூடாது, உயிர்ப்பில் நம்பிக்கை இல்லாதவர்கள்தான் அப்படி அழுவார்கள் என்று ஐந்து வருஷமாக அப்பா கண்டித்து வந்தார். அப்பத்தாவுக்கு அதில் பலமுறை திட்டு விழுந்திருக்கிறது; ஏனென்றால் இந்த வட்டாரத்தில் ஒப்பாரிக்கு அவளைத்தான் அழைப்பார்கள். அவள் கேட்டாள்: “மாதாவே அழுதாகன்னு நீங்கதான வாசிச்சீக? அந்தப் பிள்ளை அழுதா மட்டும் பாவமா?”

அப்பா பதில் சொல்லவில்லை. அன்று பொழுது சாய அப்பத்தா ஏழெட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு முற்றத்தில் வந்து உட்கார்ந்தாள். அம்மாவை நடுவில் உட்கார வைத்தாள். “ஒங்கப்பாரு என்ன தொழில் பண்ணினாரு? எத்தனை பிள்ளை? எப்படி ஆளு, நெட்டையா குட்டையா? ஒன்னைய என்னான்னு கூப்பிடுவாரு?” என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அம்மா சொன்னாள். பனையேறி, காலையில் 40 பனை ஏறி இறங்கிவிட்டு, கால் தோல் உரிந்திருந்தாலும் பூசைக்குத் தவறாதவர் என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்குக் குரல் வந்தது. பிறகு அப்பத்தா பாட ஆரம்பித்தாள். தன் வாழ்நாளில் பார்த்தறியாத ஒரு மனிதனுக்கு, போயறியாத ஊரின் பனைமரத்தைச் சொல்லி, பாளையைச் சொல்லி, பதனீர்க் கலயத்தைச் சொல்லி அழுதாள். பனையேறியின் மகள் என்பதால் முகம் திருப்பியவர்கள் உண்டு என்றேனே, அந்த வீட்டுப் பெண்ணும் அந்த வட்டத்தில் இருந்தாள். அம்மா அப்படி அழுததை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. துக்க வீட்டில் உலை வைக்கக்கூடாது என்று இராத்திரிக் கஞ்சி எட்டு வீட்டிலிருந்து வந்தது. அப்பா வாசற்படியில் நின்றிருந்தார். பாட்டு ஓய்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மண்ணில் முழந்தாளிட்டு, மரித்தவர்களுக்கான செபத்தை ஆரம்பித்தார். அவர் குரல் நடுவில் நின்றுவிட்டது. மிச்சத்தை அம்மாதான் சொல்லி முடித்தாள்.

அதன்பின் அவர் ஒப்பாரியைக் கண்டித்துப் பேசி நான் கேட்டதில்லை.

இதனால் எல்லாம் இனிமையாக முடிந்தது என்று எண்ண வேண்டாம். என் அக்காளுக்கு 30 வயது வரை கல்யாணம் கூடிவரவில்லை. இவ்வூரில் எங்களைப் பிள்ளை போல நேசித்தார்கள். ஆனால் பெண் எடுக்க யாரும் வரவில்லை. ஊரிலோ எங்களை மறந்துவிட்டார்கள். நேசத்துக்கு ஒரு எல்லைக்கல் இருந்தது. அதை அப்பா பிடுங்க முடியவில்லை, யாராலும் முடியவில்லை.

அப்பா 1989-ல் மரித்தார். சித்தப்பாமார் கார் பிடித்து வந்து, உடலை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அம்மா ஒரே வார்த்தையில் முடித்தாள்: “அவுக இந்த ஊர்க்காரரு.” நம் கல்லறைத் தோட்டத்தில் வேப்பமரத்துக்குக் கீழே இருக்கிறார். 15 வருஷம் கழித்து அம்மா படுத்தபோது, அப்பா பக்கத்தில் இடம் வைத்திருக்கிறோம் என்றோம். அவள் தலையை ஆட்டினாள். “என்னைய எங்க அப்பாகிட்ட கொண்டு போங்க” என்றாள். எங்களுக்கு ஒரு நிமிடம் ஒன்றும் ஓடவில்லை. அவள் மறக்கவில்லை! 43 வருஷம், ஒரு பிடி மண்ணை அவள் மறக்கவில்லை. நம் ஊரிலிருந்து இரண்டு பஸ் பிடித்து, சுமார் 250 கிலோமீட்டர், அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தீர்கள். வந்தவர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். கல்லறைக்குப் பக்கத்தில் நின்ற பனைமரத்தைப் பார்த்து, “அப்பத்தா பாடின மரம் இதுதானா?” என்று உங்களில் ஒருவர் கேட்டார்.

அப்பா ஒரு கோடியில், அம்மா ஒரு கோடியில். விசுவாசக் குடும்பம் இப்படிப் பிரிந்து கிடக்கலாமா என்று ஒரு சகோதரி என்னிடம் கேட்டார். அவர்கள் இருவரும் எதிர்பார்த்திருந்த உயிர்ப்பின் நாளுக்கு இந்தத் தூரம் ஒரு தூரமா? அம்மாவின் கணக்குப்படி அது நேர்.

நேரம் ஆகிவிட்டது என்று பங்குத்தந்தை கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே ஒரு அறிவிப்பு.

நெடுஞ்சாலையை ஒட்டிய செங்கல் சூளையில் ஜார்க்கண்ட் மாநிலத்திலிருந்து வந்த மூன்று குடும்பங்கள் இருக்கின்றன. நம் முதல் பூசையில் கடைசித் தூணுக்குப் பின்னால் நிற்பார்கள், நீங்கள் பார்த்திருப்பீர்கள். நானும் நாலு மாதம் பார்த்துவிட்டுத்தான் பேசாமல் இருந்தேன், வெட்கத்தோடு சொல்லுகிறேன். அவர்கள் நம்மைப்போல் கத்தோலிக்கர். 1885-ல் பெல்ஜியம் நாட்டு லீவன்ஸ் சுவாமியார் அந்தச் சோட்டாநாகபுரிப் பகுதிக்குப் போய் வேதம் போதித்தார். அந்த மரபில் வந்த சனம். தமிழ் தெரியாது. பரலோக மந்திரத்தை நாம் சொல்லும்போது தங்கள் பாஷையில் முணுமுணுக்கிறார்கள். அதில் ஒரு வீட்டில் இரண்டு மாதக் குழந்தைக்கு வருகிற ஞாயிறு ஞானஸ்நானம். ஞானத்தாயாக நான் நிற்கிறேன். ஞானத்தகப்பன் வேண்டும், குழந்தைக்கு ஒரு வெள்ளைச் சட்டையும், சூளையிலிருந்து கோவிலுக்கு வர ஒரு வண்டியும் வேண்டும். பிறகு ஒரு வேளைச் சாப்பாடு. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னை வந்து பாருங்கள். மணிக்கூண்டுக்குக் கீழே இருப்பேன்.

அந்த வீட்டில் நான்கு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். என்னைப் பார்த்ததும் ‘நானி’ என்று ஓடி வருகிறாள். அது அப்பத்தாவா, அம்மாச்சியா என்று விசாரித்தேன். அம்மாச்சியாம்.